வியாழன், கடைசிப் பீரியட்

எனக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள்,
சால்மியாவில், நடுங்கவைக்கும் ஏசி அரங்கில்.
மதியம் பிரியாணி, மாலை சான்றிதழ்.
இருக்கும் ஒரே கவுன்சலருக்கு
ஆயிரத்து எழுநூறு பிள்ளைகள்.
ஆகவே காலிப் பீரியட் உள்ளவர்களைப் பிடித்தார்கள்.
நான் கணக்கு டீச்சர்.
இனி மங்காஃப் பள்ளியில் ஒன்பது 'சி'யின்
மனசுக்கும் பொறுப்பு.

முதல் வாரம் படிவம்.
கடந்த பதினான்கு நாளில்
எத்தனை நாள் தூக்கம் வரவில்லை,
எத்தனை நாள் எதிலும் பிடிப்பில்லை.
பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று.
முப்பத்தெட்டுப் பேரும் பூஜ்யம்.
வட்டத்தைச் சுற்றி வட்டம்,
காம்பஸ் வைத்துப் போட்டதுபோல்.
எல்லாவற்றையும் வாங்கி அடுக்கிய பிறகு
பெனாசிர் கேட்டாள்:
"மிஸ், இது வீட்டுக்குப் போகுமா?"

அடுத்த வாரம் மூச்சு.
நாலு எண்ணி இழு, நாலு எண்ணி நிறுத்து.
அன்றைக்கென்று தூசிக்காற்று.
ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி திணித்தும்
பாதிப் பேர் இருமினார்கள்,
மீதிப் பேர் அதற்குச் சிரித்தார்கள்.
ஹுதைஃபா தூங்கியே போனான்.
எழுப்பப் போனேன், லீடர் தடுத்தாள்:
"விடுங்க மிஸ். அவங்க ஹாலை
ஷேரிங்குக்கு விட்டிருக்காங்க.
நைட் ஷிப்ட் ஆளுங்க ரெண்டு மணிக்கு வருவாங்க,
இவன்தான் கதவு திறக்கணும்."
அவன் மூச்சு
நாலு எண்ணி உள்ளே போய்
ஆறு எண்ணி வெளியே வந்தது.
வகுப்பில் சரியாகச் செய்தது அவன் மட்டும்தான்.

பிறகு பெட்டி.
செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி, மேலே ஒரு கீறல்.
பெயர் வேண்டாம், எதையும் எழுதலாம்.
நிறைய வெற்றுச் சீட்டுகள்.
கேன்டீன் சமோசாவில் எண்ணெய் என்று நாலு புகார்.
ஒன்று மட்டும் பச்சை மையில்:
"அப்பா கம்பெனியை மூடிட்டாங்க.
இக்காமா மார்ச் வரைக்கும்தான்.
நான் பரீட்சைக்குப் படிக்கணுமா, வேண்டாமா?"

கையேட்டைப் புரட்டினேன்.
கேளுங்கள். குறுக்கிடாதீர்கள்.
தீர்வு சொல்லாதீர்கள்.
கணக்கு டீச்சரிடம் போய்
தீர்வு சொல்லாதே என்கிறார்கள்.
பச்சை மை யாருடையது என்று எனக்குத் தெரியும்.
அவன் நோட்டைத்தான் தினமும் திருத்துகிறேன்.

நாலாம் வாரம் மீள்திறன்.
பிளாஸ்டிக் ஸ்கேலை வளைத்தேன், விட்டேன்.
நிமிர்ந்தது.
"பாத்தீங்களா, இவ்வளவுதான்!"
கைதட்டல்கூட வந்தது.

ஜெரின் எழுந்தான்.
"எத்தனை தடவை மிஸ்?"

கடைசி பெஞ்ச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.
ஸ்கேலை வாங்கி
வளைத்தான், விட்டான், வளைத்தான்.
வகுப்பே சேர்ந்து எண்ணியது.
முப்பது. முப்பத்தொன்று. நாற்பது.
ஒடியவில்லை.
பதினைந்தாம் சென்டிமீட்டரில் மட்டும்
வெள்ளையாய் ஒரு கோடு.
ட்யூப்லைட்டை நோக்கித் தூக்கிப் பிடித்தான்.
"உடையல மிஸ். ஆனா இங்க வலிச்சிருக்கு."

எல்லோரும் அமைதியாக அமர்ந்திருந்தார்கள் என்று
எழுத ஆசைதான்.
மணி அடித்தது. ஓடினார்கள்.
பஸ் யாருக்கும் காத்திருக்காது.

அன்றிரவு சமையலறையில் நின்று
ஒரு படிவத்தை நானே நிரப்பினேன்.
தூரத்தில் அகமதி பக்கம்
எண்ணெய்க் கிணற்றுத் தீ
யாரோ அணைக்க மறந்த அடுப்பாய் எரிந்தது.
தூக்கம்: இரண்டு.
பிடிப்பு: ஒன்று, அடித்துவிட்டு, இரண்டு.

அடுத்த வியாழன் அதைப் போர்டில் ஒட்டினேன்.
"இது என்னோடது. வீட்டுக்குப் போகாது.
பெரிசா ஏதாவது தெரிஞ்சா
கவுன்சலர்கிட்ட உங்களோட நானும் வருவேன்."
புதுப் படிவங்கள் கொடுத்தேன்.
இந்த முறை வட்டங்கள் கோணலாக இருந்தன.
ஹுதைஃபா மூன்று போட்டிருந்தான்,
பேனா தாளைக் கிழிக்கும் அழுத்தத்தில்.
அவனோடுதான் முதலில் போனேன்.

ஜெரினிடம் தீர்வு சொல்லவில்லை.
"இருபடிச் சமன்பாடு மட்டும் மிச்சம்" என்றேன்.
"மத்தியானம் லேபில் உட்காருவோம்."
வந்தான். சில நாள் போட்டான்.
சில நாள் சும்மா உட்கார்ந்தான்.

மார்ச்சில் இக்காமா
மூன்று மாதம் நீண்டதாகக் கேள்வி.
அதற்கப்புறம் யாருக்கும் தெரியாது.
நேற்றுப் பெட்டியைக் கவிழ்த்தேன்.
பச்சை மையில் ஒரே வரி:
"மிஸ், சமோசா இப்ப பரவால்ல."